ஒருங்கிணைப்பின்மையின் விலையைக் கொடுப்பவர் யார்? கட்டுமானத் தளமும் சாதியப் படிநிலையும்

ஒரு கட்டடத்தின் மேல்தளத்திற்குக் கான்கிரீட் போடுவதற்கு முன் சென்ட்ரிங் பலகை அடிக்கப்பட வேண்டும். கம்பி கட்டப்பட வேண்டும். மின்வயர் செல்லும் குழாய்கள் அந்தக் கம்பிகளுக்கிடையே பொருத்தப்பட வேண்டும். இம்மூன்றையும் பெரும்பாலும் மூன்று வெவ்வேறு துணை ஒப்பந்தக்காரர்களின் ஆட்களே செய்கின்றனர். எலக்ட்ரீசியனுக்குத் தகவல் போகாமலேயே கான்கிரீட் போடப்பட்டுவிட்டால், பிறகு சுவரையும் தளத்தையும் கொத்தித்தான் குழாய் பதிக்க வேண்டும். தாங்குதூணும் உத்திரமும்கூடச் சில வேளைகளில் கொத்துக்குத் தப்புவதில்லை. நிர்வாக மொழி இதனை ‘ஒருங்கிணைப்புக் குறைபாடு’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறது. அக்குறைபாட்டின் விலையைக் கொடுப்பவர் யார் என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.

ஜோலார்பேட்டை முதல் ஆம்பூர், இராணிப்பேட்டை வரை நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் நடக்கும் கட்டுமானங்களில் பெரும்பகுதி சிறியவை: வீடுகள், வணிக வளாகங்கள், தொழிற்கூட விரிவாக்கங்கள். உரிமையாளருக்குக் கீழே ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே மேஸ்திரி, அவருக்கும் கீழே நாள்கூலிகள். சதுர அடிக் கணக்கில் பேசப்படும் ஒப்பந்தத்தில் மறுவேலைக்கென்று தனித் தொகை கிடையாது. எனவே யாருடைய தவறாக இருந்தாலும், கொத்துவதும் சிதறலை அள்ளுவதும் ஹெல்பர்கள், சித்தாள்கள் தலையில் விழுகின்றன.

கூலியோடு இது முடிவதில்லை. தளத்திற்குத் தற்காலிக மின் இணைப்பைக் கொடுத்துவிட்டு எலக்ட்ரீசியன் வேறு தளத்திற்குச் சென்றுவிடுகிறார். கம்பி கட்டுபவர் அந்த வயரின் மேல் கம்பிகளை இழுக்கிறார். உறை கிழிந்த வயர் கிடக்கும் அதே தரையில் சித்தாள் கான்கிரீட்டிற்குத் தண்ணீர் ஊற்றுகிறார். மூவரும் தத்தம் வேலையைத்தான் செய்தனர். அந்த வயருக்குப் பொறுப்பானவர் மட்டும் அங்கு இல்லை. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு கருவி ஓர் உயிரைக் காக்கக்கூடியது. அதை வாங்கிப் பொருத்துவது யார் செலவு என்று ஒப்பந்தத்தில் எழுதப்படாததால் அது பொருத்தப்படுவதே இல்லை.

சாதி என்பது வேலைப் பிரிவினையோடு நிற்பதில்லை, வேலை செய்வோரையே மேல் கீழாகப் பிரிக்கிறது என்று 1936இலேயே அண்ணல் அம்பேத்கர் வாதிட்டார். கட்டுமானத் தளம் அதன் இன்றைய சான்று. கருவி பிடிக்கும் தொழில்களுக்குள் நுழைய யாரேனும் ஒருவர் நம்மை உதவியாளராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சேர்க்கை உறவு, தெரு, சாதி ஆகியவற்றின் வழியாகவே பெரிதும் நடக்கிறது. அரசு நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுதவும் ஐந்து ஆண்டுச் செய்முறை அனுபவம் தேவை. சேரியிலிருந்து வரும் இளைஞருக்கு அந்த ஐந்து ஆண்டுகளை யார் தருவார்? சுமப்பவராகவே நிறுத்தப்படுபவர், “இந்த வயர் ஆபத்தானது, வேலையை நிறுத்துங்கள்” என்று மேஸ்திரியிடம் சொல்லும் நிலையிலும் இல்லை.

ஒருங்கிணைப்பு இயலாத காரியமா? ஜோலார்பேட்டை சந்திப்பிலேயே பதில் இருக்கிறது. அங்கு தண்டவாளங்களுக்கு மேலே 25,000 வோல்ட் மின்தடம் செல்கிறது. அதை நெருங்கி வேலை செய்ய வேண்டுமெனில், மின்சாரத்தை நிறுத்தி, எழுத்துப்பூர்வ அனுமதி பெற்ற பிறகே கைவைக்க வேண்டும் என்பது ரயில்வே விதி. வேலை முடிந்து, ஆட்கள் விலகி, அனுமதிச் சீட்டு திரும்பிய பின்னரே மீண்டும் மின்சாரம் விடப்படும்.

2019 கோடையில் சென்னை தாகத்தில் தவித்தபோது இதே ஊர் இன்னொன்றையும் காட்டியது. மேட்டுசக்கரகுப்பத்திலிருந்து ரயில் நிலையம் வரை குழாய் பதிக்கப்பட்டு, ஜூலை 12 அன்று 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீருடன் முதல் ரயில் புறப்பட்டது. குடிநீர் வாரியங்களும் ரயில்வேயும் சில வாரங்களில் கைகோத்தன. ஆளும் தரப்பு அவசியம் என்று கருதினால் ஒருங்கிணைப்பு நடக்கிறது. கூலித் தொழிலாளியின் உயிர் அத்தகைய அவசியமாகக் கருதப்படவில்லை.

கருதப்படாததன் விளைவை 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை கண்டது. சிப்காட் பகுதிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, அருகிலிருந்த தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். தொட்டியைக் கட்டியவர், நிரப்பியவர், அதன் அருகே தொழிலாளரைத் தங்கவைத்தவர் என மூன்று தரப்புகள் இருந்தன. உயிரிழந்தவர்களோ அம்மூன்றிலும் இல்லாதவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டப்படி 500 பேர் பணிபுரியும் தளத்தில்தான் பாதுகாப்புக் குழு கட்டாயமாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் குழு அமைப்பதை அரசின் ஆணைக்கு விட்டிருக்கிறது. இருபது, முப்பது பேர் வேலை செய்யும் நம் வட்டாரத் தளங்களுக்கு இரண்டும் தாமாகக் குழுவை உறுதிசெய்யவில்லை.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். தளத்தின் அளவு எதுவாயினும் தற்காலிக மின் இணைப்புக்குப் பெயர் குறிப்பிட்ட ஒரு பொறுப்பாளர் வேண்டும். கசிவுத் துண்டிப்பான் இல்லாமல் இணைப்புத் தரக் கூடாது. கான்கிரீட் போடுவதற்கு முன் எல்லாத் தொழில் பிரிவினரும் கூட்டாகச் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். மறுவேலைக்கான கூலியை முதன்மை ஒப்பந்தக்காரரே தர வேண்டும். ஆபத்தான வேலையை மறுப்பவரின் அன்றைய கூலி பிடிக்கப்படக் கூடாது. தலித் இளைஞர்கள் உதவித்தொகையுடன் உரிமம் பெற்ற மின்பணியாளர்களாக உருவாகப் பயிற்சி இடங்கள் வேண்டும்.

ரயில் பாதையில் ஒரு துண்டுச் சீட்டு காக்கும் உயிரை, பாதைக்கு அப்பால் எழும் கட்டடத்தில் எதுவும் காப்பதில்லை. அந்தச் சீட்டைக் கட்டடத் தளத்திற்கும் கொண்டுவருவது தொழிற்சங்கத்தின் வேலை மட்டுமன்று, சாதி ஒழிப்பு அரசியலின் வேலையுமாகும்.