காபிக்கு எந்த அமைச்சர்?

ஏற்காடு இன்று கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. சேர்வராயன் மலை விவசாயிகள் தங்கள் உறுப்பினரை அவர் அளித்த வாக்குகளைக் கொண்டு எடைபோட இயலாது. பெரும்பாலான தீர்மானங்கள் குரல் வாக்கிலேயே முடிகின்றன. அதில் எவர் பெயரும் பதிவாவதில்லை. தவிர, 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்திற்குப் பின், கொறடா உத்தரவை மீறினால் பதவிக்கே ஆபத்து.

கேள்வி அப்படியல்ல; கேட்டவர் பெயரும் அமைச்சர் பதிலும் ஏட்டில் நிற்கும். தண்டுத் துளைப்பான் தாக்கிக் காய்ந்த அராபிகா செடிகளுக்கு மறுநடவு மானியம் எவ்வளவு என்று வேளாண் அமைச்சரைக் கேட்டுப் பயனில்லை. காபி வாரியம் வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது (விவசாயிகளில் பலர் இதை அறியார்). கேள்வியைக் குறைந்தது 15 நாள் முன்னதாக எழுதித் தரவேண்டும். அதற்குள் ஊர்வாரியாகக் காய்ந்த செடிகளின் கணக்கை உறுப்பினர் கையில் சேர்க்க வேண்டியவர்கள் தோட்டக்காரர்களே.