பொம்மை சுற்றிய காகிதம்

சென்ற நவராத்திரிக்கு விருத்தாசலம் போயிருந்தேன். பெரியம்மா இப்போது மகனோடு அங்கேதான் இருக்கிறாள். அண்ணாவுக்குப் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை. விருத்தாசலம் என்றதும் பலருக்குப் பழமலைநாதர் கோயில் ஞாபகம் வரும். எனக்கு ஃப்யூஸ் கட்டையும் பொம்மையும்தான். அந்த ஊர்ச் சூளைகளில் இரண்டும் வேகின்றன. களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரைக் குடித்ததும் பிள்ளையாரோ செட்டியாரோ வெளியே வருகிறார். காயவைத்து, சூளையில் அடுக்கி, வர்ணம் பூசினால் கொலுவுக்குத் தயார்.

பெரியம்மாவின் கொலுப் பெட்டி மாத்திரம் ரொம்பப் பழசு, மாம்பலத்தில் கூட்டுக் குடும்பமாக இருந்த நாளிலிருந்து வருவது. அதைத் திறந்து ஒவ்வொரு பொம்மையாகப் பிரித்துக் கொடுக்கும் வேலை எனக்கு. பத்திரிகைக்காரியின் புத்தி எங்கே போகும்? பொம்மையை விட்டுவிட்டு, சுற்றியிருந்த காகிதத்தைப் படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

1983-ஆம் வருஷத்துச் செய்தித்தாள்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் அன்றைய டெலிவிஷன் நிகழ்ச்சிகள். மொத்தமே பத்துப் பன்னிரண்டு வரிதான். 'வயலும் வாழ்வும்' உண்டு. மாம்பலத்தில் மாடிக் குடித்தனம் செய்தவர்களெல்லாம் நெற்பயிருக்கு எந்த மருந்து அடிப்பது என்பதை அக்கறையாகக் கேட்டுக்கொண்ட காலம் அது. பிறகு செய்தி, நாடகம், டில்லியிலிருந்து ஹிந்தி. வெள்ளிக்கிழமையானால் சினிமாப் பாட்டுக்களுக்கென்றே 'ஒளியும் ஒலியும்'. ஒரே நிலையம், பிடிக்காவிட்டால் அணைக்கலாம், மாற்ற முடியாது.

சென்னையில் டெலிவிஷன் வந்தது 1975 ஆகஸ்டு 15. ஆஸ்திரேலியாவில் அதற்குப் பத்தொன்பது வருஷம் முன்பே, 1956 செப்டம்பர் 16-ல் சிட்னியில் தொடங்கிவிட்டது. அங்கே இந்த மாதிரி பழைய நிகழ்ச்சிப் பட்டியல்களைத் தேடிச் சேர்த்து வைக்கும் அன்பர்கள் இருக்கிறார்கள். பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். அந்நாளில் வீடியோ நாடா விலை அதிகம். ஒரு நிகழ்ச்சியை அழித்து அதன்மேலேயே இன்னொன்றைப் பதிவது பல தேசங்களில் வழக்கமாயிருந்தது. நிகழ்ச்சி போய்விட்டது, அது நடந்தது என்பதற்கு மூலையில் அச்சான ஒரு வரியே சாட்சி.

பெரியம்மாவின் காகிதங்களில் அந்த வரிகளுக்குப் பக்கத்தில் பென்சில் குறிகளும் இருந்தன. சிலவற்றுக்கு டிக். சிலவற்றுக்குச் சின்ன வட்டம். வெள்ளிக்கிழமைத் தாள்கள் ஒன்பது அகப்பட்டன. 'ஒளியும் ஒலியும்' பக்கத்தில் ஏழு வட்டம், இரண்டு டிக்.

"வட்டம் எதற்குப் பெரியம்மா?"

"அதுவா? டிக் போட்டது பார்த்தது. வட்டம் போட்டது கேட்டது."

எனக்கு உடனே புரியவில்லை. அவளே விளக்கினாள். வீட்டில் பதினோரு பேர். பாட்டு முடிந்ததும் எல்லோரும் இலைக்கு வந்துவிடுவார்கள். கூடத்தில் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் உள்பட முப்பது பேர் உட்கார்ந்து பார்க்கும்போது, இவள் சமையலறையில் அடை வார்த்துக்கொண்டிருப்பாள். கல் சீறுகிற சத்தத்துக்கு நடுவில் பாட்டு காதில் விழும். ஒரு தடவை, வெள்ளிக்கிழமை மட்டும் சாப்பாட்டை அரை மணி தள்ளி வைக்கலாமா என்று கேட்டாளாம். "பாட்டுத்தானே? காதால் கேட்டால் போதாதா?" என்று மாமனார் சொல்லிவிட்டார். அதற்கு மேல் பேச்சில்லை.

"அந்த இரண்டு டிக்?"

"அத்தையும் மாமாவும் திருப்பதி போயிருந்தார்கள்."

1987 ஜனவரி 25-ல் ஞாயிறு காலை 'ராமாயணம்' தொடங்கியபோதுதான் நிலைமை மாறியது. மாமியாரே விடியற்காலையில் ஸ்நானம் செய்து, பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, "அடுப்பை அணைத்துவிட்டு நீயும் வந்து உட்கார்" என்று உத்தரவு போட்டாராம். "ராமர் சிபாரிசு செய்தால்தான் எனக்குக் கூடத்தில் இடம்" என்று சிரித்தாள் பெரியம்மா. வேடிக்கை என்னவென்றால் ஹிந்தியில் அவளுக்கு ஒரு வார்த்தை தெரியாது. தெரிந்த பாஷையில் பாட்டு வந்தபோது பார்க்க முடியவில்லை. பார்க்க முடிந்தபோது பாஷை தெரியவில்லை!

சகோதரிகளே, இன்று நமக்கு நிகழ்ச்சி காத்திருக்கிறது. நிறுத்தி வைத்துவிட்டுக் குக்கரை இறக்கிவிட்டு வரலாம். ஆனாலும் வீட்டில் எல்லோரும் பார்க்கும்போது யார் எழுந்து போகிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். நான் கவனித்தேன். என் வீட்டுக் கணக்கை இங்கே எழுதினால் சாயங்காலம் சண்டை வரும்.

அன்று இரவு, அந்த நாளில் அவள் அடிக்கடி கேட்ட பாட்டு ஒன்றைக் கைப்பேசியில் தேடிப் போட்டுக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முழுசும் அசையாமல் பார்த்தாள்.

"அட! இத்தனை வருஷமாய் இது மழையில் நனைந்துகொண்டு பாடுகிற பாட்டு என்றல்லவா நினைத்திருந்தேன்! வெயிலில் மாட்டு வண்டியிலல்லவா போகிறார்கள்!"

பிறகு என்னிடம் பேனா கேட்டாள். ஒரு வெள்ளிக்கிழமைத் தாளை எடுத்து, வட்டத்தின் மேலேயே ஒரு டிக் போட்டாள்.

"இன்னும் ஆறு இருக்கிறதே, பெரியம்மா?"

"நாளைக்குப் பார்க்கலாம். செட்டியார் பொம்மையை எடு. காகிதத்தைக் கிழித்துவிடாதே, திரும்பச் சுற்ற வேண்டும்."