பாடம் முடிந்தது. பிள்ளையால் முடிகிறதா?



சில வாரங்களுக்கு முன் ஓர் இடைவேளை நேரம். எங்கள் பழைய மாணவன் ஒருவன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். ஓ.எல். எழுதிவிட்டு இப்போது மாமாவின் கடையில் நிற்கிறான். கையில் ஒரு வெள்ளைத் தாள், சட்டைப் பையில் ஒரு பேனை.

"சேர், பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதித் தரணும். எங்கட ஒழுங்கையில லைட் எரியிறல்ல. தங்கச்சி கிளாஸ் முடிஞ்சி வாற நேரம் ஒரே இருட்டு. உம்மாதான் உங்களுக்கிட்டப் போய்க் கேட்கச் சொன்னாங்க."

"நீயே எழுதலாமே மகன்" என்றோம்.

"எட்டாம் ஆண்டுல பாடமாக்கினதான் சேர். இப்ப மறந்து போச்சி" என்று சிரித்தான்.

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு எட்டாந் தரத்தில் தமிழ் படிப்பித்தது நாங்கள்தான். சமாந்தர வகுப்புகளை இரண்டு பேராகப் பிரித்து எடுத்தோம். தெருவிளக்கு எரியாதது பற்றிப் பிரதேச சபைத் தவிசாளருக்கு எழுதும் கடிதத்தையே அந்த வருடம் படிப்பித்தோம். தவணைப் பரீட்சையிலும் அதையே கேட்டோம். நன்றாக எழுதியவர்களில் இவனும் ஒருவன். அனுப்புநர், பெறுநர், விடயம், "இங்ஙனம்" எல்லாம் சரியான இடத்தில் இருந்தன. புள்ளியும் போட்டோம். அதே விளக்கு அவன் வீட்டு ஒழுங்கையில் உண்மையாகவே அணைந்தபோது அவனால் நான்கு வரி எழுத முடியவில்லை.

பிழை அவனுடையது அல்ல. அவனுக்குக் கவனம் இல்லை, ஞாபகம் இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் எங்களுக்கு மனமில்லை. அந்தப் பாடத்தை நாங்கள் எப்படித் தயாரித்தோம் என்பதைத் திரும்பிப் பார்த்தோம்.

முதலில் பாடப்புத்தகத்தின் பக்கத்தைத் திறந்தோம். மாதிரிக் கடிதம் ஒன்று இருந்தது. அதைப் பெரிதாக டிமைத் தாளில் எழுதினோம். பிறகு குழுச் செயற்பாடு வேண்டுமே என்று கடிதத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒழுங்குபடுத்தி ஒட்டச் சொன்னோம். பிள்ளைகளுக்கு நல்ல சந்தோசம். வகுப்பும் கலகலப்பாக இருந்தது. பிறகு கொப்பியில் எழுத வைத்தோம், வீட்டில் பாடமாக்கச் சொன்னோம். எல்லாம் முடிந்த பிறகுதான் பாடக்குறிப்பில் "கற்றற் பேறு" என்ற இடத்தை ஆசிரியர் வழிகாட்டியைப் பார்த்து நிரப்பினோம்.

கவனியுங்கள். பாடத்தின் நோக்கத்தைக் கடைசியாக எழுதினோம். எங்கே போகிறோம் என்பதை பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு தீர்மானித்தோம்.

நம்மூர்க் கந்தூரிக்குச் சமைக்க வரும் நானாமார் இப்படிச் செய்வார்களா? அவர்களிடம் பேசப் போனால் முதல் கேள்வியே "எத்தனை சஹன்?" என்பதுதான். அது தெரிந்தால்தான் எத்தனை கிலோ அரிசி, எவ்வளவு இறைச்சி, எத்தனை அடுப்பு, எத்தனை மணிக்குப் பற்ற வைப்பது என்று பின்னோக்கிக் கணக்குப் போடுவார்கள். கடையில் நல்ல அரிசி கிடைத்தது என்பதற்காக முதலில் சமைத்துவிட்டு, பிறகு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. வகுப்பறையில் மட்டும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ரால்ஃப் டைலர் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் 1949 இலேயே கலைத்திட்டத்துக்கு நான்கு அடிப்படைக் கேள்விகளை வைத்தார். அவற்றில் முதலாவது, என்ன நோக்கத்தை அடைய வேண்டும் என்பது. 1998 இல் கிரான்ட் விக்கின்ஸ், ஜே மக்டை என்ற இருவர் அதை ஆசிரியர் கையில் எடுக்கக்கூடிய மூன்று படிகளாக்கினார்கள். முதலாவது, பிள்ளை இறுதியில் என்ன செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்? இரண்டாவது, அது வந்துவிட்டது என்பதற்கு என்ன சான்று? மூன்றாவது, அந்த இடத்துக்குக் கொண்டுபோக என்ன படிப்பிக்க வேண்டும், என்ன செயற்பாடு கொடுக்க வேண்டும்? செயற்பாடு மூன்றாவதாகத்தான் வருகிறது. ஆசிரியர்கள் வழமையாக விழும் இரண்டு குழிகளையும் அவர்கள் காட்டினார்கள். நோக்கம் இல்லாமல் செயற்பாடு செய்விப்பது ஒன்று. புத்தகத்தை முடித்தால் போதும் என்று ஓடுவது மற்றொன்று. அந்தக் கடிதப் பாடத்தில் நாங்கள் இரண்டிலும் விழுந்திருந்தோம்.

நமது நாட்டிலும் இது இல்லாமல் இல்லை. 2007 இல் தரம் 6 இலும் தரம் 10 இலும் தேர்ச்சிமையக் கலைத்திட்டம் ஆரம்பித்தபோது நாங்கள் பள்ளி மாணவர்கள். தேசிய கல்வி நிறுவகத்தின் வழிகாட்டிகளைத் திறந்தால் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற் பேறு என்று மேலே போட்டுவிட்டுத்தான் செயற்பாட்டுக்குப் போவார்கள். வரிசை சரியாகத்தான் இருக்கிறது. நாங்கள்தான் அதைத் தலைகீழாக வாசித்துப் பழகிவிட்டோம்.

கலாசாலையில் படித்த காலத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் இருந்தார். பாடக்குறிப்பில் "மாணவர் கடிதம் எழுதும் முறையை விளங்கிக்கொள்வர்" என்று எழுதினால் "விளங்கிக்கொள்வர்" என்பதைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிடுவார். "விளங்கிக்கொண்டதை நீ எப்படிக் காண்பாய்? கண்ணால் காணக்கூடியதை எழுது" என்பார். அப்போது அது எங்களுக்குத் தொல்லையாக இருந்தது. சொல் விளையாட்டு என்று நினைத்தோம். ஆசிரியர் அறை வாசலில் அந்த மகன் வெள்ளைத் தாளோடு நின்ற அன்றுதான் அந்தச் சிவப்புக் கோட்டின் பொருள் புரிந்தது.

இப்போதைய எட்டாந் தரத்துக்கு அதே பாடத்தை மறுமுனையிலிருந்து தொடங்கினோம். முதலில் இருவரும் உட்கார்ந்து ஒரே ஒரு வசனம் எழுதினோம்: "தன் ஊரில் உள்ள ஒரு தேவையை, அதற்குப் பொறுப்பானவர் திரும்பக் கேள்வி கேட்காமல் நடவடிக்கை எடுக்கக்கூடியதாக, மாணவர் கடிதமாக எழுதுவர்." இந்த ஒரு வசனத்தை எழுத ஒரு பாடவேளைக்கு மேல் எடுத்தது. "திரும்பக் கேள்வி கேட்காமல்" என்ற சொற்கள் வந்த பிறகுதான் மற்றவை தெளிந்தன.

அடுத்து, சான்று. பாடமாக்கிய கடிதம் சான்று ஆகாது. எனவே பிள்ளைகள் முன்னர் கண்டிராத நிலைமைகளைக் கொடுப்பது என்று முடிவெடுத்தோம். வடிகான் அடைத்திருக்கிறது, நூலகம் பின்னேரம் பூட்டிக் கிடக்கிறது, குப்பை வண்டி ஒரு வீதிக்கு மட்டும் வருவதில்லை, இப்படி. ஒரு குழு எழுதியதை மற்றக் குழு அலுவலகத்தில் இருப்பவரைப் போல வாசிக்கும். எந்த இடம்? எப்போதிருந்து? நாங்கள் என்ன செய்ய வேண்டும்? யாரோடு தொடர்பு கொள்வது? இவற்றில் ஒன்றையாவது திரும்பக் கேட்க வேண்டி வந்தால் கடிதம் திரும்பி வரும்.

மூன்றாவதாகத்தான் படிப்பித்தலைத் தீர்மானித்தோம். டிமைத் தாள் தேவைப்படவில்லை. வெட்டி ஒட்டும் வேலையும் போனது. அந்த நேரத்தில் ஓர் இடத்தை அந்நியருக்கு விளங்கும்படி எழுதுவதைப் பழக்கினோம். எந்த வேலைக்கு எந்த அலுவலகம் பொறுப்பு என்று பேசினோம். மாதிரிக் கடிதத்தையும் காட்டினோம், ஆனால் பிள்ளைகள் ஒரு தடவை எழுதித் தடுக்கி விழுந்த பிறகு.

முதற் தடவை பாதிக்கு மேற்பட்ட கடிதங்கள் திரும்பி வந்தன. "எங்கள் வீதியில்" என்று எழுதியிருந்தார்கள். எந்த வீதி? "பள்ளிவாசலுக்குப் பக்கத்தில்" என்றது இன்னொன்று. ஊரில் எத்தனை பள்ளிவாசல்? ஒரு பிள்ளை மிக அழகான தமிழில் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் கடிதத்தில் இல்லை. பழைய முறையில் அந்தக் கடிதத்துக்கு நாங்களே அதிக புள்ளி கொடுத்திருப்போம். வழமையாகப் பின்வாங்கில் இருக்கும் ஒருவனின் கடிதம் எழுத்துப் பிழைகளோடு இருந்தது. ஆனால் எத்தனையாவது தூண், எந்தக் கடைக்கு எதிரே, எந்த மாதத்திலிருந்து என்பதெல்லாம் இருந்தன. அலுவலகக் குழு அதை உடனே ஏற்றுக்கொண்டது. எழுத்துப் பிழையைத் திருத்த அடுத்த பாடவேளை இருந்தது. அன்று அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"நேரம் எங்கே சேர்? ஒரு கடிதத்துக்கு நான்கு பாடவேளையா? சிலபஸை யார் முடிப்பது?" என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். குறுகிய பாடவேளை, நிறைந்த வகுப்பு, இடையில் பதில் வகுப்புகள், விளையாட்டுப் போட்டி. எல்லாப் பாடத்தையும் இப்படித் தயாரிக்க எங்களாலும் முடியவில்லை. தவணைக்கு இரண்டு, மூன்று அலகுகளை மட்டும் எடுத்தோம். ஆனால் முடிவு எது என்று தெரிந்தால் விடக்கூடியது எது என்பதும் தெரிகிறது. கொப்பியை நிரப்ப மட்டும் செய்து வந்த எத்தனையோ வேலைகளை நாங்கள் நிறுத்திவிட்டோம்.

இன்னொருவர் வேறு விதமாகக் கேட்டார். "நாம் முடிவிலிருந்துதானே தொடங்குகிறோம்? புலமைப்பரிசிலுக்கும் ஓ.எல்லுக்கும் கடந்தகால வினாத்தாளை வைத்துத்தானே படிப்பிக்கிறோம்?"

உண்மைதான், அதுவும் முடிவிலிருந்து தொடங்குவதுதான். ஆனால் அங்கே முடிவாக வைத்திருப்பது பிள்ளையை அல்ல, வினாத்தாளை. எங்கள் பழைய மாணவன் அந்த முடிவை அடைந்தவன்தான். பரீட்சையில் கடிதம் வந்தது, அவன் எழுதினான், புள்ளி கிடைத்தது. அதற்கு அப்பால் நாங்கள் எதையும் திட்டமிடவில்லை. அதனால் அதற்கு அப்பால் எதுவும் கிடைக்கவும் இல்லை. பரீட்சை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. உண்மையாகவே எழுதத் தெரிந்த பிள்ளை பரீட்சையிலும் எழுதும். பாடமாக்கிய பிள்ளை, வினா கொஞ்சம் மாறி வந்தால் பேனையைக் கடித்துக்கொண்டு இருக்கும்.

எல்லாவற்றையும் இப்படி அளந்துவிடலாம் என்றும் நாங்கள் நினைக்கவில்லை. ஒரு கவிதையைப் படித்த பிள்ளையின் மனதில் என்ன நடந்தது என்பதை ஒரு பாடவேளையில் சான்றோடு காட்ட முடியாது. அங்கே முடிவைத் தளர்வாகத்தான் வைக்க வேண்டும். ஆனால் கடிதம், சுருக்கம், பின்னம், சதவீதம், வரைபடம் வாசித்தல் போன்றவற்றுக்கு அந்தச் சாட்டைச் சொல்ல முடியாது.

இதை ஆசிரியர்களுக்கு மட்டும் எழுதவில்லை. நம் ஊரில் பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சேர், எத்தனை பாடம் முடிஞ்சிருக்கு?" கொப்பியைத் திறந்து பக்கம் எண்ணுகிறீர்கள். பக்கம் குறைந்தால் அந்த ஆசிரியர் படிப்பிப்பதில்லை என்று பேச்சு. பிறகு நாங்களும் பக்கத்தை நிரப்பத்தான் பார்ப்போம். மேற்பார்வைக்கு வருபவர்கள் பாடக்குறிப்பில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தால், கட்டத்தைத்தான் நிரப்புவோம். நீங்கள் எதைக் கேட்கிறீர்களோ அதைத்தான் பள்ளிக்கூடம் தரும்.

ஆகவே கேள்வியை மாற்றுங்கள். இன்றிரவு பிள்ளையிடம் "என்ன எழுதினாய்?" என்று கேட்காமல் "போன மாதம் உனக்கு ஏலாமல் இருந்து, இப்போது ஏலுமான ஒன்றைச் செய்து காட்டு" என்று கேளுங்கள். பெற்றோர் கூட்டத்தில் எங்களிடம் "இந்தத் தவணை முடிவில் என் பிள்ளை என்ன செய்யக்கூடியதாக இருக்கும்?" என்று கேளுங்கள். எங்களில் சிலருக்கு அந்தக் கேள்வி கசக்கும். பரவாயில்லை, கேளுங்கள். பழைய மாணவர் சங்கம் ஒரு வகுப்புக்குத் திரையும் புரொஜெக்டரும் வாங்கித் தர முன், அதனால் பிள்ளைகள் எதைச் செய்யப் பழகுவார்கள் என்று எங்களிடம் கேளுங்கள். எங்களால் பதில் சொல்ல முடியாவிட்டால் காசைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அந்த மகனுக்கு நாங்கள் கடிதம் எழுதிக் கொடுக்கவில்லை. அடுத்த பாடவேளை எங்களில் ஒருவருக்கு ஓய்வாக இருந்தது. ஆசிரியர் அறை மேசையில் உட்கார வைத்து, அலுவலகத்தில் இருப்பவர் என்ன கேட்பார் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு தடவை கிழித்தான். மூன்றாவது தடவை எழுதியதில் நாங்கள் கை வைக்கவில்லை. ஒரு எழுத்துப் பிழை இருந்தது, அதையும் அவனே கண்டுபிடித்துத் திருத்தினான். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

எட்டாந் தரத்தில் நாங்கள் கொடுத்திருக்க வேண்டியதை இத்தனை வருடம் கழித்துக் கொடுத்தோம். அவன் தேடி வந்ததால் கிடைத்தது. அவனோடு அதே வகுப்பில் இருந்த மற்றவர்கள் வரவில்லை.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் எடுக்கப்போகும் ஒரே ஒரு பாடத்தை எடுங்கள். புத்தகத்தைத் திறக்க முன், பாட முடிவில் பிள்ளை என்ன செய்யும் என்று ஒரு வசனம் எழுதுங்கள். கண்ணால் காணக்கூடியதாக எழுதுங்கள். எழுதியதைக் கீழே பதிவிடுங்கள். எங்களுடையதில் குறை கண்டால் அதையும் சொல்லுங்கள், திருத்திக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.