பட்டங்கள் பெருகின; பார்வையாளர் எங்கே?

குத்துச்சண்டை பொதுமக்களின் மனத்தைவிட்டு அகன்று வருகிறது என்றதும், பழியை மக்கள் தலையிலேயே சுமத்துவாரும் உளர். இக்காலத்தவருக்குப் பொறுமை இல்லையாம். குருதியைக் கண்டால் அஞ்சுகிறார்களாம். கலையின் நுட்பம் அறியாதவர்களாம். மூன்றும் சொத்தை வாதங்கள். குருதிக்கு அஞ்சுகிறவர்கள், காலாலும் முழங்கையாலும் தாக்க இடமளிக்கும் கலப்புத் தற்காப்புச் சண்டைகளைக் காண ஏன் திரள்கின்றனர்? பொறுமையற்ற மக்களா 2017 ஏப்ரலில் அந்தோணி ஜோஷுவாவும் விளாடிமிர் கிளிட்ச்கோவும் மோதியதைக் காண லண்டன் வெம்பிளி அரங்கில் ஏறத்தாழ 90,000 பேராய்க் கூடினர்? மக்கள் வரத்தான் செய்கின்றனர். வந்தவர்களைத் தங்கவிடாமல் விரட்டுவது அக்கலையை ஆளவந்தவர்களின் பேராசையே.

எப்போதாவது எட்டிப் பார்க்கும் சுவைஞர் கேட்பது மிகச் சிறிது. வெற்றியாளர் யார்? அவரை எதிர்ப்பவர் யார்? சண்டை என்று, எங்கே? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தால் போதும், அவர் அமர்ந்துவிடுவார். 1975 ஜூலையில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலியும் ஜோ பக்னரும் 15 சுற்றுகள் மோதியபோது, இவ்வினாக்களுக்கு விடை தேட எவரும் ஏடுகளைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. உலக வெற்றியாளர் யார் என்றால் அலி என்ற ஒரு சொல்லே விடை. அன்றும் பட்டம் வழங்கும் மன்றங்கள் இரண்டு இருந்தன. ஆயினும் இரண்டும் ஒரே மனிதரையே வெற்றியாளராக ஏற்றிருந்தன.

அவ்வொருமை 1978-இல் குலைந்தது. அலியை வென்ற லியோன் ஸ்பிங்க்ஸ், கென் நார்ட்டனை எதிர்கொள்வதை விடுத்து அலியுடனேயே மீண்டும் மோத முற்பட்டார். உடனே உலகக் குத்துச்சண்டை மன்றம் அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்து நார்ட்டனுக்கு அளித்தது. அதற்கெனப் புதிதாக ஒரு சண்டையும் நடக்கவில்லை; மேடை ஏறாமலே ஒருவர் உலக வெற்றியாளரானார்! 1983-இல் மூன்றாவது அமைப்பும், 1988-இல் நான்காவதும் தோன்றின. எட்டாக இருந்த எடைப் பிரிவுகள் பதினேழாயின. பதினேழை நான்கால் பெருக்கினால் 68 உலகப் பட்டங்கள். இவை போதாவென்று, ஒரே பிரிவில் ‘மேல் வெற்றியாளர்’, ‘வழக்கமான வெற்றியாளர்’, ‘இடைக்கால வெற்றியாளர்’ என அடுக்கியதும் உண்டு. பட்டத்துக்காக நடக்கும் ஒவ்வொரு சண்டையிலும் வீரரின் ஊதியத்தில் ஒரு பங்கு அமைப்புக்குக் கட்டணமாகச் செல்கிறது. பட்டங்கள் ஏன் பெருகின என்பதற்கு வேறு விளக்கமும் வேண்டுமோ?

பட்டம் இருக்கட்டும், சண்டையாவது உரிய காலத்தில் நடக்கிறதா? பிளாய்ட் மேவெதரும் மேனி பாக்கியாவும் 2010-இலேயே மோதியிருக்க வேண்டியவர்கள். இருவரும் இளமையின் உச்சத்தில் இருந்தனர். பேச்சு முறிந்தது, மீண்டும் தொடங்கியது, மீண்டும் முறிந்தது. ஒருவழியாக 2015 மே திங்களில் அவர்கள் மேடை ஏறியபோது மேவெதருக்கு 38 வயது, பாக்கியாவுக்கு 36. அமெரிக்க இல்லங்களில் அதைத் தொலைக்காட்சியில் காண ஏறக்குறைய 100 டாலர் செலுத்த வேண்டியிருந்தது. 46 இலட்சம் பேர் செலுத்தினர். கண்டதென்ன? ஒருவர் நழுவி நழுவிப் புள்ளி சேர்த்தார். மற்றவர் தோளில் காயத்துடன் போரிட்டதாகச் சண்டை முடிந்தபின் அறிவிக்கப்பட்டது. ஆறியபின் பரிமாறிய சோற்றுக்கு விருந்தின் விலை! குத்துச்சண்டையை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்த ஒருவர், அடுத்த முறை பணப்பையைத் திறப்பார் என எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

கட்டணச் சுவரைப் பற்றி இன்னொரு சான்றும் உண்டு. 2024 நவம்பரில் 58 வயது மைக் டைசனும், காணொளிகளால் புகழ்பெற்ற 27 வயது ஜேக் பாலும் மோதினர். கலை என்ற முறையில் அது பொருட்படுத்தத்தக்கதன்று. எனினும் நெட்பிளிக்ஸ் தன் சந்தாதாரர்களுக்குத் தனிக்கட்டணமின்றி அதைக் காட்டியது. ஆறு கோடி இல்லங்களில் பார்க்கப்பட்டதாக அறிவித்தது. பெயர் தெரிந்த இருவர், கதவு திறந்த வீடு, மக்கள் நுழைந்துவிட்டனர். அவர்களைப் பார்த்து நகைக்கும் பழஞ்சுவைஞர்கள், மெய்யான வீரர்களின் சண்டைகளுக்கு அக்கதவு ஏன் பூட்டப்பட்டிருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

அனைத்தினும் கொடியது தீர்ப்பு. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிச் சண்டையில் ராய் ஜோன்ஸ் தென்கொரிய வீரரைக் குத்திக் குவித்தும், 3–2 என்ற தீர்ப்பில் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். அதே ஒலிம்பிக்கின் மிகச் சிறந்த குத்துச்சண்டை வீரருக்கான விருதும் அவருக்கே வழங்கப்பட்டது! 2017 செப்டம்பரில் கொலோவ்கினும் ஆல்வாரெசும் மோதியபோது, ஒரு நடுவர் கொலோவ்கின் வென்றதாகவும் ஒருவர் சமநிலை எனவும் குறித்தனர். மூன்றாமவரோ 118–110 என ஆல்வாரெசுக்கு அளித்தார். அதாவது 12 சுற்றுகளில் பத்தை ஆல்வாரெசே வென்றார் என்பது அவர் கணக்கு. மூவரும் ஒரே சண்டையைத்தாம் பார்த்தனரா? கால்பந்தில் பந்து வலைக்குள் விழுவதைக் குழந்தையும் காணும். இங்கோ, கண்ணால் கண்டதை நம்புவதா, தாளில் எழுதியதை நம்புவதா எனத் திகைத்த பார்வையாளர் எழுந்து போய்விடுகிறார்.

இத்தனைக்கும் விலை கொடுப்பவர் மேடைமேல் நிற்பவரே. 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் 14-ஆம் சுற்றுவரை போரிட்டு விழுந்த கொரிய இளைஞர் கிம் டுக் கூ சில நாள்களில் உயிர்நீத்தார். அதன் பின்னரே பட்டச் சண்டைகள் 15 சுற்றுகளிலிருந்து பன்னிரண்டாகக் குறையத் தொடங்கின. உயிரைப் பணயம் வைப்பவனின் வெற்றிக்குப் பொருள் இருக்க வேண்டாவா? 1999-இல் லெனக்ஸ் லூயிஸ் ஹோலிபீல்டை வென்ற பின், ஹெவிவெயிட் பிரிவில் ஐயத்துக்கிடமற்ற ஒரே வெற்றியாளரைக் காண உலகம் 2024 மே வரை காத்திருந்தது. ரியாத் நகரில் டைசன் பியூரியை வென்று ஓலெக்சாண்டர் உசிக் நான்கு பட்டங்களையும் ஒருசேர ஏந்தினார். பியூரியுடன் மறுபோட்டிக்கு அவர் முன்பே ஒப்பந்தம் செய்திருந்தார். ஓர் அமைப்போ தான் குறித்த வேறொருவருடன் மோத வேண்டும் என்றது. அடுத்த மாதமே நான்கில் ஒன்றை அவர் துறந்தார்.