கைவண்ணம்: ஏரிக்கரையிலிருந்து ஒரு வாழ்த்து மடல்



பிறந்தநாளை விழாவாகக் கொண்டாடுவது குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அவ்விவாதத்திற்குள் இம்மாதம் நாம் நுழையவில்லை. வாழ்நாளில் பரக்கத் வேண்டி ஒரு துஆவை எழுதிக் கொடுப்பதே நம் நோக்கம். அதற்கும் மனம் ஒப்பாதவர்கள் இம்மடலைப் பெருநாளுக்குக் கொடுக்கலாம்.

ஆண்களுக்கு எத்தகைய மடல் பொருந்தும் என்பதே நம் சிக்கல். கடையில் கேட்டால் ரோஜாப்பூவை நீட்டுகிறார்கள். ஆணுக்கு என்றால் பாய்மரக் கப்பல். கப்பலேறியே அறியாத என் கணவருக்கு ஒருமுறை அப்படியொன்றைக் கொடுத்தேன். "அழகாயிருக்கிறது" என்று அலமாரியின் மேல் வைத்தார். ஓராண்டு கழித்துத் தூசு தட்டும்போது நான்தான் அதனைக் கண்டெடுத்தேன்!

சென்ற ஆண்டு என் தம்பிக்குச் செய்தது வேறு வகை. அவன் வில்லியனூர்வாசி. விடியுமுன் சைக்கிளில் ஊசுடு ஏரிக்குப் போய்விடுவான். கையில் பழைய பைனாகுலரும் ஒரு குறிப்பேடும் இருக்கும். 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி அது. "சம்பாதிக்கிற வயதில் கொக்கு பார்த்துத் திரிகிறான்" என்பது அத்தாவின் குறை. நாளடைவில் இருவரும் உணவு வேளையில்கூடப் பேசிக்கொள்வதில்லை.

பறவையியல் அறிஞர் சாலிம் அலி நினைவுக்கு வந்தார். 1896 நவம்பர் 12இல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். சிறுவயதில் தாம் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டைக் கண்டு வியந்து கேட்டபோது, மாமா அமீருத்தீன் தையப்ஜி அவரைக் கடிந்து விரட்டவில்லை; பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். 1976இல் பத்மவிபூஷண் பெற்றவரின் தொடக்கம் அந்தக் கடிதம்தான்.

இனி மடலுக்கு வருவோம். பருத்தித் துணித்துண்டுகளால் ஆன கைக்காகிதம் சிறந்தது. 1959இல் தொடங்கிய அரவிந்தர் ஆசிரமத் தொழிற்கூடத்தால் புதுவைக்கு இதில் நல்ல பெயருண்டு. ஏ4 அளவுள்ள தடித்த தாளை இரண்டாக மடியுங்கள். சாம்பல், களிமண், பனையோலைப் பச்சை ஆகிய நிறங்கள் போதும். சரிகையும் ரிப்பனும் வேண்டாம்.

ஏரி நீரைக் கத்தரியால் வெட்டாதீர்கள். ஈரத் தூரிகையால் தாளின் மீது கோடிழுத்து, நூலிழைகள் ஊறியதும் மெல்லப் பிரித்தெடுங்கள். பஞ்சுபோன்ற ஓரம் கிடைக்கும், அதுவே அலை. இவ்வாறு மூன்று நான்கு பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று சற்றே விலக்கி ஒட்டுங்கள். மைதாப் பசையை மிக மெல்லியதாகத் தடவி, இரவு முழுவதும் கனமான நூல்களின் கீழ் வைத்தால் தாள் சுருளாது. அலைகளினிடையே கறுப்புத் தாளில் வெட்டிய ஒரு நாமக்கோழி. நெற்றியில் வெண்திட்டு வைத்துவிட்டால் பார்ப்பவர் அடையாளம் கண்டுகொள்வர். உயிருருவம் வரையத் தயங்குவோர் கோரைப்புல்லும் பைனாகுலரும் வைக்கலாம். உண்மையான இறகு ஒட்டும் ஆசையில் சரணாலயத்திலிருந்து எதையும் எடுத்து வராதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது.

உள்பக்கமே முக்கியம். அங்கே கவிதை எழுதவில்லை. தம்பியின் குறிப்பேட்டை அவனறியாமல் எடுத்து, அந்த ஆண்டு அவன் கண்ட பறவைகளை நாள்வாரியாகப் படியெடுத்தேன்: கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, முக்குளிப்பான். கீழே ஒரு வரி துஆ. கடைசியில் இரண்டு விரற்கிடை அளவு வெறுமையாக விட்டேன்.

அதில் கையெழுத்திடுமாறு அத்தாவிடம் நீட்டினேன். கண்ணாடி அணிந்து பட்டியலை மேலிருந்து கீழாக இருமுறை படித்தார். கையெழுத்திட்டபின் மடலை என்னிடம் திருப்பித் தரவில்லை. தாமே எடுத்துக்கொண்டு திண்ணைக்குச் சென்றார். "இந்த நாமக்கோழி இங்கேதான் முட்டையிடுமா?" என்று தம்பியிடம் கேட்டது அடுக்களைவரை கேட்டது.