நிறுத்தி வைப்பதும் தள்ளி வைப்பதும்



வளரும் இளைஞன் ஒருவன் தடுமாறுகிறான். அவனுக்கு இன்னும் சிறிது அவகாசம் கொடுப்பதா? அல்லது, 'உனக்கு இது வராது' என்று வெளியே உட்கார வைப்பதா? விளையாட்டு அணியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டும் உரிய கேள்வி என்று இதனை எண்ணிவிடாதீர்கள். பொதுத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் இதே கேள்வி எழுகிறது.

உங்கள் பிள்ளைகள் நன்கறிந்த முகம்மது சிராஜை எடுத்துக்கொள்வோம். ஹைதராபாத்தில் ஆட்டோ ஓட்டிய ஓர் ஏழைத் தந்தையின் மகன். 2017 நவம்பரில் ராஜ்கோட்டில் இந்தியாவுக்காக ஆடிய முதல் இருபது ஓவர் போட்டியில் நான்கு ஓவரில் 53 ஓட்டங்களைக் கொடுத்தார். 2019 ஏப்ரலில் பெங்களூரு அணிக்காகக் கொல்கத்தாவுக்கு எதிராகப் பந்து வீசியபோது, இரண்டே கால் ஓவருக்குச் சற்று மேல் வீசுவதற்குள் 36 ஓட்டங்கள் போயின. இடுப்புக்கு மேல் இருமுறை பந்தை எறிந்ததால், மேற்கொண்டு வீசவும் நடுவர் அனுமதிக்கவில்லை. ஏளனம் செய்யாதவர் குறைவு.

ஆயினும் பெங்களூரு அணி அவரை விட்டுவிடவில்லை. மறு ஆண்டு, 2020 அக்டோபரில், அதே கொல்கத்தாவுக்கு எதிராக நான்கு ஓவரில் எட்டே ஓட்டங்கள் கொடுத்து மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தினார். அடுத்த மாதம் அவர் ஆஸ்திரேலியாவில் இருந்தபோது தந்தை இறந்தார். துயரத்தைத் தாங்கிக்கொண்டு அங்கேயே தங்கி ஆடி, பிரிஸ்பேனில் ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டுகள் எடுத்தார். 2025-இல் சாம்பியன்ஸ் கோப்பை அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில், நான்காம் நாள் ஒரு முக்கியமான பந்தைப் பிடித்தும் எல்லைக் கோட்டை மிதித்துவிட்டார். மறுநாள் அவரே கடைசி விக்கெட்டை வீழ்த்தினார். இந்தியா ஆறு ஓட்டங்களில் வென்றது.

நம் சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனின் வரலாறு வேறு. 1983-இல் பதினேழு வயதில் டெஸ்ட் ஆட வந்தார். 1984-இல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே போட்டியில் பன்னிரண்டு விக்கெட்டுகளைக் குவித்தார். 1986 தொடக்கத்தில் அவருடைய டெஸ்ட் வாழ்வே முடிந்துவிட்டது. அப்போது வயது இருபது. சுழற்பந்து வீச்சாளர்கள் பலர் முதிர்ச்சி பெறத் தொடங்கும் வயது அது.

அப்படியானால் ஒருவரையும் உட்கார வைக்கவே கூடாதா? நம் மார்க்கம் இதற்கு அழகிய வழி காட்டுகிறது. உஹதுப் போருக்குப் புறப்பட்டபோது பதினான்கு வயது அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. பின்னர் அகழ்ப்போரின்போது பதினைந்து வயதில் அனுமதித்தார்கள். புகாரீ, முஸ்லிம் இரு நூல்களிலும் இச்செய்தி உள்ளது. சிறுவரை நிறுத்தி வைத்தார்கள், தள்ளி வைக்கவில்லை. பருவம் வந்ததும் கதவு திறந்தது. அந்தச் சிறுவரே பிற்காலத்தில் பெரும் மார்க்க மேதையாகத் திகழ்ந்தார்.

ஏறக்குறைய இருபது வயதே ஆன உஸாமா (ரலி) அவர்களைப் படைத்தலைவராக நியமித்தபோது முணுமுணுப்பு எழுந்தது. நபிகளார் தம் முடிவில் உறுதியாக நின்றார்கள். அவர்களின் மறைவுக்குப் பின் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களும் அந்த இளைஞரை மாற்றாமலே படையை அனுப்பினார்கள்.

ஹிஃப்ழு வகுப்பிலும் இந்த முறைதான். ஒரு மாணவன் தடுமாறினால் புதிய பாடத்தை உஸ்தாத் நிறுத்துவார். பழைய பாடத்தைத் திரும்பத் திரும்ப ஓதி உறுதிப்படுத்தச் செய்வார். 'குர்ஆனை மூடிவிட்டு வீட்டுக்குப் போ' என்று சொல்லமாட்டார். புதிய பாடத்தை நிறுத்துவதும் ஒரு பயிற்சியே. ஏன் நிறுத்தினோம், எதைத் திருத்த வேண்டும், எப்போது திரும்பலாம் என்ற மூன்றையும் பிள்ளை அறிந்திருக்க வேண்டும். இம்மூன்றும் சொல்லப்படாவிட்டால் அது வெறும் கைவிடுதல்.

நம் மாவட்டம் பொதுத் தேர்வுகளில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பெற்றது; பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைகளையும் பாருங்கள். நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டும் ஆசையில், பின்தங்கியவனை ஒன்பதாம் வகுப்போடு அனுப்பிவிட நினைக்கும் பள்ளிகள் உண்டு. கணக்கில் முப்பத்தைந்து மதிப்பெண் எடுக்கவில்லை என்பதற்காக, மறு வாரமே மகனைப் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ அழைத்துச் செல்லும் அத்தாமார்களும் உண்டு. வறுமை அவர்களை நெருக்குவதை நாம் அறிவோம். எனினும் 2016-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பதினெட்டு வயது நிறையாதவரை வெடிமருந்துத் தொழிலில் அமர்த்தக் கூடாது. அந்த மருந்தின் அருகில் ஒரு நொடிக் கவனக்குறைவு என்ன செய்யும் என்று இவ்வட்டாரத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பரீட்சையில் செய்த பிழையைத் திருத்திக்கொள்ளலாம். அங்கே நேரும் பிழைக்கு மறு வாய்ப்பு இல்லை.

பத்தாம் வகுப்பில் தவறியவனுக்குச் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வருகிறது. தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும். பள்ளிவாசல் ஜமாஅத்தார் நினைத்தால், படித்த இளைஞர் இருவரைக் கொண்டு மஃரிபுக்குப் பின் ஒரு மணி நேரம் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்கலாம். பெரிய செலவு ஏதுமில்லை.

நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 280-ஆம் வசனத்தில் இறைவன் கூறுகிறான். பணத்துக்கே அவகாசம் கொடுக்கச் சொல்லும் மார்க்கத்தில் பிறந்த நம் பிள்ளைக்கு நாம் ஓர் ஆண்டு கொடுக்கக் கூடாதா? இம்முறை முடிவு வரும் நாளில் உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒரு பிள்ளை தலை குனிந்து நின்றால், வேலை தேடப் புறப்படுமுன் துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளைக் கேட்டறியுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்தக் கதவு திறக்கும்.