மெத்தூசலாவுக்கு அத்திப்பழம்



வேதத்தில் மெத்தூசலாவைக் குறித்து நாம் அறிவது மிகக் குறைவு. ஏனோக்கின் குமாரன், லாமேக்கின் தகப்பன், 969 ஆண்டுகள் வாழ்ந்து மரித்தவர். இவ்வளவு சொல்லிவிட்டு, ஆதியாகமம் ஐந்தாம் அதிகாரம் நோவாவை நோக்கிக் கடந்துவிடுகிறது. ஆனால் அவருடைய பெயரைத் தாங்கிய ஒரு மீனைக் குறித்து, அது எந்தப் பழத்தை விரும்பும் என்பது வரைக்கும் நமக்குத் தெரியும்.

சான் பிரான்சிஸ்கோ நகரின் கோல்டன் கேட் பூங்காவில் கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. கோளரங்கம், மழைக்காட்டுக் கூடம், ஸ்டெய்ன்ஹார்ட் மீன் காட்சியகம் ஆகிய மூன்றும் அங்கே ஒரே கூரையின்கீழ் அமைந்துள்ளன. அந்நாட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் உங்களில் சிலரைப் பேரப்பிள்ளைகள் அங்கே அழைத்துச் சென்றிருக்கலாம். 25 அடி ஆழமுள்ள பவளப்பாறைத் தொட்டியின் முன் நின்று, தேவனுடைய படைப்பின் மகிமையைத் துதித்திருப்பீர்கள். அது நன்று, அதைக் குறித்துப் பிரசங்கங்கள் ஏராளம். நான் பேச விரும்புவது, நிறத்தாலும் அசைவாலும் யாரையும் கவராத ஒரு மீனைக் குறித்து.

அது ஆஸ்திரேலிய நுரையீரல் மீன். செவுள்களோடு ஒற்றை நுரையீரலும் உடையது. ஆதலால் நீரில் பிராணவாயு குறையும்போது மேலே வந்து காற்றைச் சுவாசிக்க அதனால் இயலும். 1938-ஆம் ஆண்டு கப்பலில் வந்து சேர்ந்த இந்த மீனுக்கு மெத்தூசலா என்று பெயரிட்டார்கள். 2023-இல் அதன் மரபணுவை ஆராய்ந்தவர்கள், வயது ஏறத்தாழ 92 என்றும், 101 வரை இருக்கக்கூடும் என்றும் கணித்தார்கள். நான்கு அடி நீளம், சுமார் 18 கிலோ எடை. அதற்கு அத்திப்பழம் பிடிக்கும். குளிரில் உறையவைத்த பழத்தைக் கொடுத்தால் உண்ணாது. பருவத்தில் கிடைக்கும் புதுப்பழமே வேண்டும். முதுகையும் வயிற்றையும் தடவிக் கொடுத்தால் மகிழும். இவற்றையெல்லாம் பராமரிப்போர் அறிந்திருக்கிறார்கள்.

இப்போது உங்களைக் கேட்கிறேன்: நம் சபையில் படுக்கையிலிருக்கும் முதியோர் எதை உண்ண விரும்புகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? மாதந்தோறும் திருவிருந்தை வீட்டிற்குக் கொண்டுபோகிறோம். ஒரு பாட்டுப் பாடி, ஜெபித்து, பதினைந்து நிமிடத்தில் அடுத்த வீட்டிற்குப் புறப்படுகிறோம். கிறிஸ்துமஸ் காலத்தில் சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொள்கிறோம். என் கருத்தில், இது கண்ணாடிக்கு இப்புறம் நின்று பார்த்துவிட்டுப் போவது. கண்ணாடியின் மறுபுறம் நிற்கிறவரோ தொட்டியில் கையை விடுகிறார். அந்தக் கையை மீன் அறியும்.

“இது போதகரின் ஊழியம் அல்லவா?” என்பீர்கள். அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தை மறுபடியும் வாசியுங்கள். அன்றாட விசாரணையில் சில விதவைகள் விடப்பட்டார்கள் என்ற முறுமுறுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர் தாங்களே பந்திவிசாரிப்பை ஏற்றுக்கொள்ளவில்லை. “எல்லோரும் கவனித்துக்கொள்வோம்” என்று பொதுவாகவும் விட்டுவிடவில்லை. ஏழு பேரைச் சபை தெரிந்துகொண்டது. அவர்களுடைய பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களே பந்திவிசாரிப்புக்குத் தேவைப்பட்டார்கள் என்பதையும் கவனியுங்கள். நாமோ அத்தகையோரை மேடைக்கு அனுப்பிவிட்டு, முதியோர் சந்திப்பை நேரமுள்ளவர்களிடம் விடுகிறோம். இது மாறவேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் வாசலருகே மேசையில் ஒரு தாள் இருக்கும். ஆலயத்துக்கு வர இயலாதவர்களின் பெயர்கள் அதில் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு இடங்கள் காலியாக விடப்பட்டுள்ளன. ஒன்றில் உங்கள் பெயரை எழுதுங்கள். மற்றொன்றை, நான்கைந்து முறை அவர்கள் வீட்டில் அமர்ந்து பேசிய பின்னரே நிரப்புங்கள்: அவருக்குப் பிடித்த உணவு, இப்போது எதை மெல்ல முடியும், எந்தப் பாட்டைக் கேட்டால் கூடவே உதடு அசைகிறது.